செத்தவன் பங்கு

சுவடிகள் திணைக்களத்தில் பேனைக்கு அனுமதியில்லை.
பென்சில் மட்டும்.
வெளியே ரீட் மாவத்தை நனைந்துகொண்டிருக்கிறது.
உள்ளே ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலு
பூச்சி தின்ற ஓரங்களோடு
மேசையில் கிடக்கிறது.

நான் புதுக்கடையில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன்.
உறுதி, பிறப்புச் சான்று, விவாகரத்துத் தீர்ப்பு.
பக்கக் கணக்கில் காசு, முத்திரை வேறு.
ஆங்கிலம் என்று நம்பித்தான் இதைக் கையேற்றேன்.
முதல் வரியிலேயே ‘உம்வைல்’ என்றொரு சொல்
காலை வாரிவிட்டது.
மூன்று நாள் அலைந்து கண்டுபிடித்தேன்:
காலஞ்சென்ற.
அட, இவ்வளவுதானா என்றிருந்தது.
ஸ்கொத்லாந்தில் செத்தவனுக்கும்
பெயருக்கு முன்னால் ஒரு பழைய சட்டை.

எதிரே சிலம்பாயி.
பதுளை இரவு ரயிலில் வந்தவள்,
இன்னும் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை.
‘மிங்கிசு துரை’ என்ற இரண்டு சொல்தான்
அவள் வீட்டிலிருந்த ஆவணம்.
அதுவும் வாயில்.

அட்டவணையில் மிங்கிசு இல்லை.
ஏழு முறை தேடினோம்.
“நே மாத்தயா” என்றாள் திலினி, ஏழு முறையும்.

பிறகொரு நாள் பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்கையில் படித்தேன்:
அந்த நாட்டுக்கு வால்வைத்த எழுத்தொன்று இருந்ததாம்,
யகரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு.
அச்சுக்கூடத்தில் அந்த அச்சு இல்லை.
கிட்டத்தட்ட அதுபோல் தெரிந்த இஸட்டை
எடுத்துச் சொருகிவிட்டார்கள்.
நம் ழகரமும் அவர்கள் கையில் இஸட்டாகித்தானே
ஊர்ப்பெயர்ப் பலகைகளில் தொங்குகிறது.
ஆக, மென்ஸிஸ் என்று எழுதி
மிங்கிஸ் என்று கூப்பிடுவார்கள்.

நூற்றைம்பது வருடமாகப் பிழை விட்டது
லயத்துக் காது இல்லை,
இந்தத் தாள்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாய்க் கதவு திறந்தன.
‘கான்க்வெஸ்ட்’ என்றிருந்த இடத்தில்
‘போரில் வென்ற நிலம்’ என்று எழுதினேன்
(அந்த மலையைப் பார்த்தவனுக்கு அதுவும் பொய்யில்லை).
அழித்துவிட்டு எழுதினேன்: தேடியதேட்டம்.
அப்படியானால் ‘ஹெரிட்டேஜ்’ முதுசம்.
‘வாட்செட்’ நம் ஒற்றியேதான்.
தேசவழமை தெரிந்த எந்த நொத்தாரிசும்
இந்தத் துரைக்கு நல்லூரில் காணி எழுதிக் கொடுத்திருப்பான்.

அசையும் சொத்தில் மூன்று பங்கு:
மனைவிக்கொன்று, பிள்ளைகளுக்கொன்று,
மற்றது செத்தவன் பங்கு.
அப்படியேதான் எழுதியிருக்கிறது.
செத்தவன் தன் இஷ்டத்துக்குக் கொடுக்க
சட்டம் விட்டுவைத்த கொஞ்சம்.
அதிலிருந்து
பன்னிரண்டு பவுண், கொம்பொடிந்த செவலைப் பசு,
‘கல்லூத்துத் தோட்டத்தில் பிறந்த
என் இயற்கை மகள் மேரிக்கு.’

“இயற்கைன்னா?” என்றாள்.
மணமாகாமல் பிறந்த, என்றேன்
குரலைத் தாழ்த்தி. அவள் தாழ்த்தவில்லை.
“அப்ப மத்த புள்ளைங்க செயற்கையா?”
திலினிக்குத் தமிழ் தெரியும்போல. சிரித்துவிட்டாள்.

தாய்க்குப் பெயரில்லை.
‘ஒரு மலபார்ப் பெண்.’
அதற்கு நான் எந்த அகராதியும் புரட்டவில்லை.

சிலம்பாயியின் விரல் மேலே போய்
‘பிறந்த’ என்ற சொல்லில் நின்றது.
“நாப்பத்தொம்பதுல இதத்தாங்க கேட்டாங்க.
பாட்டன் பூட்டன் இங்க பொறந்ததுக்குத் தாள்.”
கொஞ்சநேரம் பேசவில்லை.
“எங்க பெரியப்பா கப்பலுக்குப் போகும்போது
இது இந்தக் கட்டடத்துலதான் இருந்திச்சா?”
இங்கோ, வேறு ஏதோ இறாக்கையிலோ.
கொழும்பில்தான்.

கடைசிப் பக்கம் பேர்த் நகர நீதிமன்றத்தின் குறிப்பு.
வாசலில் நின்று மேரியை மூன்று முறை அழைத்தார்களாம்.
‘கம்பியர்ட் நொட்.’
தோன்றவில்லை.
தோட்டத்தில் அன்று
பிரட்டுத் தப்புச் சத்தமே அடுத்த மலைக்குக் கேட்டிருக்காது.

“அதுக்குப் பக்கத்துல
வந்துட்டாங்கன்னு எழுதலாங்களா?”

பென்சில் என் கையில்தான் இருந்தது.
தாளில் எழுதத் தடை என்று
சுவரில் மும்மொழியிலும் இருக்கிறது.
திலினி எழுந்து
மின்விசிறியைக் கூட்டப் போனாள்,
முதுகைக் காட்டிக்கொண்டு,
நிதானமாக.